மின்கடிதம் தொலையாமல் காத்த கதை

பச்சைக் குழந்தையை ஒருவர் மற்றொருவரிடம் கொடுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கொடுப்பவர் சட்டென்று கையை எடுத்துவிடுவதில்லை. வாங்குபவரின் கை குழந்தையின் கழுத்துக்கு அடியில் சரியாகச் சென்று சேர்ந்ததா என்று பார்க்கிறார். "பிடிச்சுக்கிட்டீங்களா?" என்று வாய்விட்டே கேட்கிறார். "ம், விடுங்க" என்ற பதில் வந்த பிறகுதான் தம் கையை விடுவிக்கிறார். இடையில் ஒரு கணம் குழந்தை இருவர் கையிலும் இருக்கிறது.

மின்னஞ்சலும் இப்படித்தான் கைமாறுகிறது. நண்பர் ஒருவர் அனுப்பும் கடிதம் உங்கள் பார்வைக்கு வருமுன் பல கணிப்பொறிகளையும் நிரல்களையும் கடந்து வருகிறது. ஒன்று பெறுகிறது, மற்றொன்று சேமிக்கிறது, வேறொன்று எடுத்துவருகிறது, இன்னுமொன்று வகை பிரிக்கிறது. மனிதர் எவரும் அருகில் நிற்பதில்லை. "பிடித்துக்கொண்டாயா?" என்ற கேள்வியை இயந்திரம் இயந்திரத்திடம் கேட்க வேண்டும். அதற்கு வரும் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம்? எப்போது கையை விடலாம்? இவற்றுக்கு விடை காணக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

எனக்கு இதில் அக்கறை பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2013-இல் நான் முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். ஆய்வகத்தில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, என் கடிதங்களைத் தானே போய் எடுத்துவந்து தானே பிரித்து வைக்கும்படி இரண்டு நிரல்களை ஏவியிருந்தேன். எடுத்துவருவது ஃபெட்ச்மெயில், பிரிப்பது பிராக்மெயில். வேலைவாய்ப்பு விளம்பரக் கடிதங்கள் தினந்தோறும் வந்து குவிந்தன. எரிச்சல் மிகுந்த ஓர் இரவில், 'பொருள் என்னும் வரியில் இன்டர்வியூ என்ற சொல் இருந்தால் அக்கடிதத்தை எறிந்துவிடு' என்று ஒரு விதி எழுதினேன். லினக்ஸில் அதற்கென்றே ஒரு வெற்றுச் சாதனம் உண்டு. அதனுள் எதைப் போட்டாலும் சுவடின்றி மறையும்.

சில வாரங்கள் கழித்து வேறு கல்லூரியில் படித்த நண்பன் தொலைபேசியில் கேட்டான்: "ஏன்டா நீ வரல?" ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் நேர்காணல் முந்தின நாள் முடிந்திருந்தது. இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பித்திருந்தோம். பிராக்மெயில் எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். அனுப்பியவர் முகவரி, பொருள், கடிதத்தின் அளவு எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. சேர்த்த இடம்: வெற்றுச் சாதனம்.

அன்று முழுவதும் அந்த நிரல்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவற்றின் கையேடுகளைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அந்தக் கடிதம் ஆயிரக்கணக்கான மைல் தொலைவைக் கடந்து வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதைக் கீழே போடாமல் காக்க எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகள் மூளையைக் கசக்கியிருந்தார்கள். கடைசிப் படியில் அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டவன் நான்தான்.

அருகருகே இரு கணிப்பொறிகள்

1971-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பி.பி.என். என்னும் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்குக் கடிதம் அனுப்பினார். இரண்டு கணிப்பொறிகளும் ஒரே அறையில் அருகருகே நின்றன. எனினும் அவற்றுக்கிடையே இருந்த ஒரே இணைப்பு ஆர்ப்பாநெட் என்ற வலைப்பின்னல்தான். முகவரியில் இன்று நாம் இடும் '@' குறியும் அவர் தேர்ந்ததே.

அப்போது அஞ்சல்பெட்டி என்பது வெறும் ஒரு கோப்பு. பிறர் அதன் கடைசியில் எழுத்துகளைச் சேர்க்கலாம். முன்னர் உள்ளதைப் படிக்கவோ அழிக்கவோ இயலாது. தெருப் பக்கம் துளை வைத்த தபால்பெட்டியைப் போன்றதுதான். இந்த 'ஒரே கோப்பு, கடைசியில் சேர்' என்னும் எளிய ஏற்பாடு பின்னாளில் எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்த பத்தாண்டில் ஆர்ப்பாநெட்டில் கணிப்பொறிகள் பெருகின. கடிதங்கள் நேரே போகாமல் இடையில் நிற்கும் கணிப்பொறிகள் வழியாகவும் போகத் தொடங்கின. கைமாற்றத்துக்கு ஒரு பொது ஒழுங்கு தேவைப்பட்டது. 1982 ஆகஸ்டில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் போஸ்டல் அதனை எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என்று வழங்கும் அந்நெறிமுறை, திருத்தங்களுடன் இன்றும் உலக மின்னஞ்சலைச் சுமந்துகொண்டிருக்கிறது.

அதில் இரு இயந்திரங்கள் மனிதர் போலவே உரையாடுகின்றன. அனுப்புவது தன் பெயரைச் சொல்லி வணங்குகிறது. யாரிடமிருந்து, யாருக்கு என்று கூறுகிறது. பின் கடிதத்தை வரி வரியாகச் சொல்கிறது. கடைசியில் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்கிறது. 'முடிந்தது' என்பது அதன் பொருள். பெறுவது ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று இலக்க எண்ணால் பதில் தருகிறது. 2-இல் தொடங்கினால் 'சரி'. 4-இல் தொடங்கினால் 'இப்போது இயலாது, பிறகு வா'. 5-இல் தொடங்கினால் 'எப்போதும் இயலாது'.

புள்ளிக்குப் பின் வரும் 250 என்னும் எண்தான் நம் கதையின் மையம். அது வரும்வரை அனுப்பும் கணிப்பொறி தன் படியை அழிக்கலாகாது. வந்துவிட்டால் பொறுப்பு பெற்றவருடையது. மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் கையெழுத்து வாங்காமல் பணத்தைக் கொடுத்ததில்லை அல்லவா? 250 என்பது அத்தகைய கையெழுத்து. 1989 அக்டோபரில் வெளியான இணையக் கணிப்பொறிகளுக்கான விதித்தொகுப்பு இதனை இன்னும் அழுத்தமாகக் கூறிற்று. 250 சொன்ன கணிப்பொறி பிறகு மின்சாரம் நின்று விழுந்தது, இடம் போதவில்லை என்பன போன்ற அற்பக் காரணங்களுக்காகக் கடிதத்தைத் தொலைக்கக் கூடாது. சேர்ப்பிக்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். 4 என்று பதில் வந்தால் அனுப்புபவர் குறைந்தது அரைமணி இடைவெளி விட்டு, நான்கைந்து நாட்களாவது முயல வேண்டும்.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்ல ஆசை. ஆற்றல் அழிவின்மையை இயற்கையே காத்துக்கொள்கிறது. நாம் காவல் நிற்க வேண்டியதில்லை. கடிதத்துக்கு அத்தகைய விதி எதுவும் கிடையாது. அது காந்தப் பரப்பிலோ மின்னணு நினைவகத்திலோ இருக்கும் ஓர் அமைப்பு, அவ்வளவே. நகலெடுக்கலாம், துடைத்தும் விடலாம். 'கடித அழிவின்மை விதி' வேண்டுமென்றால் அதை மனிதன்தான் எழுத வேண்டும்.

இரு தளபதிகள்

இவ்வளவுதானா, பதில் வந்ததும் அழித்துவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுங்கள். அந்தப் பதிலே வழியில் தொலைந்தால்?

புள்ளி போய்ச் சேர்ந்தது. பெற்றவர் கடிதத்தைச் சேமித்து 250 என்றும் சொல்லிவிட்டார். அதே நொடியில் தொடர்பு அறுந்தது. அனுப்பியவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவருடைய நிலையிலிருந்து பாருங்கள். புள்ளியே போகவில்லையா, போயும் பதில் வரவில்லையா? இரண்டும் அவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். 'பதில் கிடைத்தது என்று நீ பதில் சொல்' என்று விதி எழுதலாமே என்றால், அந்தப் பதிலுக்கான பதிலும் தொலையலாம்.

இதற்கு அழகான ஒரு கதை உண்டு. 1975-இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்னும் மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதனை இரண்டு கொள்ளைக் கும்பல்களின் கதையாகச் சொன்னார்கள். 1978-இல் ஜிம் கிரே என்னும் கணிப்பொறி அறிஞர் அதைத் தளபதிகளின் கதையாக மாற்றினார். இரு குன்றுகளில் இரண்டு படைகள். நடுப் பள்ளத்தாக்கில் பகைவர். இரு படைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தால்தான் வெற்றி. தனியே பாய்பவர் அழிவார். செய்தி அனுப்பத் தூதுவன் பள்ளத்தாக்கைக் கடந்தே போக வேண்டும். அவன் பிடிபடலாம். எத்தனை தூதுவர்களை அனுப்பினால் இருவருக்கும் ஐயமற்ற உறுதி பிறக்கும்?

விடை: எத்தனை அனுப்பினாலும் பிறக்காது. நிறுவுவது எளிது, மாணவர்கள் காகிதத்தில் செய்து பார்க்கலாம். உறுதி தரும் ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தகைய திட்டங்களில் மிகக் குறைந்த தூதுகள் கொண்டதை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசித் தூதுவன் பிடிபடலாம்; அப்போதும் திட்டம் வெல்ல வேண்டும். அப்படியானால் அந்தக் கடைசித் தூது தேவையற்றது, நீக்கிவிடலாம். நீக்கினால் அதைவிடக் குறுகிய திட்டம் ஒன்று கிடைத்துவிடுகிறது. ஆனால் நாம் எடுத்ததே மிகக் குறுகியது அல்லவா? முரண்பாடு! எனவே அத்தகைய திட்டமே இல்லை.

கடித உலகில் இதன் விளைவு என்ன? 'ஒவ்வொரு கடிதமும் ஒரே ஒரு முறை, தவறாமல்' என்ற உறுதியைத் தூதுகளை மட்டும் கொண்டு பெற இயலாது. ஐயம் வரும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மீண்டும் அனுப்பினால் ஒரே கடிதம் இரண்டாக வரலாம். அனுப்பாவிட்டால் அடியோடு தொலையலாம். மின்னஞ்சலை வகுத்தவர்கள் முதலாவதைத் தேர்ந்தார்கள். சில சமயம் ஒரே கடிதம் உங்களுக்கு இருமுறை வந்ததைப் பார்த்து எரிச்சல் அடைந்திருப்பீர்கள். இந்தத் தேர்வின் விளைவாகவும் அது நேர்ந்திருக்கலாம்.

இந்த இரட்டிப்பையும் குறைக்க வழி தேடினார்கள். 1988 பிப்ரவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் என்பவர் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். சில கணிப்பொறிகள் புள்ளியைப் பெற்றதும் உடனே பதில் சொல்லாமல், கடிதத்தைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் வேலையை முடித்துவிட்டுப் பிறகு 250 சொல்லிக்கொண்டிருந்தன. அதற்குள் அனுப்பியவர் பொறுமையிழந்து தொடர்பைத் துண்டித்து, பின்னர் மறுபடியும் அனுப்பினார். அதே கதை மீண்டும் நடந்தது. மருந்து எளியது: கடிதத்தை வாங்கிப் பத்திரமாக வை, உடனே கையெழுத்துப் போடு, மற்ற வேலையைப் பிறகு பார். 1989-இன் விதித்தொகுப்பு அனுப்புபவருக்கும் அறிவுரை கூறிற்று: அந்தக் கடைசிப் பதிலுக்காகப் பத்து நிமிடமாவது காத்திரு.

அஞ்சலகத்திலிருந்து வீட்டுக்கு

1980-களில் மேசைமேல் வைக்கும் சிறு கணிப்பொறிகள் பரவின. அவற்றை இரவில் அணைத்துவிடுவார்கள். எனவே கடிதங்கள் எந்நேரமும் விழித்திருக்கும் பெரிய கணிப்பொறி ஒன்றில் சேர்ந்தன. அதனை அஞ்சலகக் கணிப்பொறி என்போம். அங்கிருந்து வீட்டுக்கு எடுத்துவருவதற்கு 1984-இல் பாப் என்ற நெறிமுறை தோன்றியது. 1985-இல் அதன் இரண்டாம் வடிவம் வந்தது. இதில் கடிதத்தைப் பெற்றவர் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம்: 'கிடைத்தது, வைத்திரு', 'கிடைத்தது, அழித்துவிடு', 'கிடைக்கவில்லை'. குழந்தையை வாங்கும் கையின் பேச்சு இங்கே தெளிவாகக் கேட்கிறது.

1988-இல் மார்ஷல் ரோஸ் எழுதிய மூன்றாம் வடிவம்தான் நிலைத்தது. 1996-இல் செப்பம் செய்யப்பட்டு இன்றும் வழக்கில் உள்ளது. இதில் ஒரு நுட்பம் உண்டு. 'இக்கடிதத்தை அழி' என்று கட்டளையிட்டால் அஞ்சலகக் கணிப்பொறி அதனை உடனே அழிப்பதில்லை. அழிக்க வேண்டியது என்று அடையாளம் மட்டும் இட்டு வைக்கிறது. வந்தவர் முறையாக விடைபெற்றுச் சென்றால்தான் உண்மையில் அழிக்கிறது. விடைபெறாமலே தொடர்பு அறுந்தால் அடையாளங்கள் எல்லாம் நீங்கும். ஒரு கடிதம்கூட அழிக்கப்படலாகாது என்பது கண்டிப்பான விதி.

அந்நாளில் வீடுகளிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் தொடர்பு. யாரேனும் வேறு அறையில் ஒலிவாங்கியை எடுத்தாலே இணைப்பு போய்விடும். நாற்பது கடிதங்களில் முப்பத்தொன்பதைப் பெற்ற பிறகு அறுந்தால், அடுத்த முறை நாற்பதும் மறுபடி வரும். தொல்லைதான். ஆனால் எதுவும் தொலையவில்லை. இந்தத் தொல்லையைக் குறைக்க ஒவ்வொரு கடிதத்துக்கும் மாறாத தனி அடையாளம் ஒன்று தரும் வசதி பின்னர் சேர்ந்தது. 'இது என்னிடம் இருக்கிறது' என்று வீட்டுக் கணிப்பொறி கண்டுகொள்ளலாம். ஐமேப் என்ற மற்றொரு முறையும் 1986 முதல் வளர்ந்து வந்தது. அதில் கடிதங்கள் அஞ்சலகத்திலேயே இருக்கும். நாம் எட்டிப் பார்த்துக்கொள்வோம். அதன் கதை தனி.

ஒரு நல்ல யோசனை

இனி, என் கணிப்பொறியில் ஓடிய ஃபெட்ச்மெயிலுக்கு வருவோம். எரிக் ரேமண்ட் என்ற அமெரிக்க நிரலருக்குத் தம் கடிதங்களைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய வேண்டியிருந்தது சலிப்பாக இருந்தது. 1996-இல், கார்ல் ஹாரிஸ் எழுதியிருந்த பாப்கிளையன்ட் என்னும் நிரலைக் கேட்டுப் பெற்றுத் திருத்தத் தொடங்கினார். பெற்ற கடிதத்தை அதுவே கோப்பில் எழுதும். அல்லது வேறொரு நிரலிடம் தள்ளிவிடும். எந்தக் கோப்பு, எந்தப் பூட்டு, எந்த முறை என்று கணிப்பொறிக்குக் கணிப்பொறி வேறுபட்டதால் நிரலில் சிக்கல் பெருகிற்று.

அப்போது ஹாரி ஹாக்ஹைசர் என்ற பயனர் ஒரு யோசனையை அனுப்பினார். எடுத்துவந்த கடிதத்தை நாமே ஏன் கோப்பில் எழுத வேண்டும்? அதே கணிப்பொறியில் எஸ்.எம்.டி.பி. பேசும் அஞ்சல் நிரல் ஒன்று ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? வெளியூரிலிருந்து கடிதம் வந்தது போல அதனிடமே கொடுத்துவிடலாமே!

இந்த யோசனையைக் கேட்டதும் ரேமண்டுக்குத் தம் நிரலின் உண்மையான வடிவம் விளங்கிற்று. பழைய முறைகள் பலவற்றை நீக்கி, பெயரையும் ஃபெட ்ச்மெயில் என்று மாற்றினார். 1997 மே மாதம் ஜெர்மனியில் அவர் படித்த 'கதீட்ரலும் பஜாரும்' என்ற புகழ்பெற்ற கட்டுரை இந்த அனுபவத்தைக் கொண்டே எழுதப்பட்டது. பலர் கூடித் திறந்த முறையில் நிரல் எழுதுவது பற்றி அக்கட்டுரை பேசியதால் அந்தப் பக்கமே உலகுக்குத் தெரிந்தது. எனக்கு அதைவிட வியப்பளிப்பது அந்தச் சிறு யோசனைதான். அதனால் கடிதப் பாதுகாப்புக்கு என்ன நன்மை என்று பாருங்கள். ஃபெட்ச்மெயில் இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும் ஆள். இடக்கையால் அஞ்சலகக் கணிப்பொறியிடம் வாங்குகிறது. வலக்கையால் வீட்டு அஞ்சல் நிரலிடம் நீட்டுகிறது. வலப்பக்கம் 250 என்ற பதில் கேட்ட பிறகே இடப்பக்கம் திரும்பி 'அழி' என்கிறது. வட்டில் இடமில்லை என்று 4-இல் தொடங்கும் பதில் வந்தால் கடிதம் அஞ்சலகத்திலேயே கிடக்கும். நடுவில் மின்சாரம் போனாலும் அதே நிலைதான். 2012, 2013-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு நாளில் பலமுறை அந்த ஆய்வகக் கணிப்பொறி பாதி வேலையில் அணைந்தது. அந்த வகையில் என் கடிதம் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

கடிதத்தை நேரே மற்றொரு நிரலின் வாயில் ஊற்றும் வழியும் ஃபெட்ச்மெயிலில் உண்டு. ஆனால் கையேடு எச்சரிக்கிறது: இடமில்லை போன்ற தோல்விகளை ஒழுங்காகத் திரும்பச் சொல்லும் நிரலாக இருந்தால் மட்டுமே அவ்வாறு செய்க. தோற்றுவிட்டு மௌனமாக இருக்கும் நிரலிடம் கொடுத்தால், கொடுத்தவர் வெற்றி என்று எண்ணி மூலப்படியை அழித்துவிடுவார்.

ஒரே நோட்டு, இரண்டு பேனா

கடிதம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இனிப் பெட்டியில் போட வேண்டும். முன்பு சொன்ன 'ஒரே கோப்பு' இங்கேதான் தொல்லை தருகிறது.

ஒரே நோட்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் வரியின் நடுவே மற்றவர் வரி புகும். இரண்டு கடிதங்கள் ஒரே நொடியில் வந்தால் இதுதான் நேரும். இன்னும் மோசம், நீங்கள் பழைய கடிதம் ஒன்றை நீக்கும்போது புதியது வருவது. நோட்டை நீக்கம் செய்து திருப்பி எழுதும் நேரத்தில் வந்து சேர்ந்தது மறைந்தே போகலாம். இதைத் தடுக்க யுனிக்ஸ் உலகில் பூட்டுகள் வைத்தார்கள். எழுதுமுன் 'நான் எழுதுகிறேன்' என்று அடையாளமாகப் பக்கத்தில் ஒரு சிறு கோப்பை உண்டாக்கு, முடிந்ததும் நீக்கு. ஆனால் எல்லா நிரல்களும் ஒரே வகைப் பூட்டைப் பயன்படுத்தவில்லை. ஒன்று கோப்புப் பூட்டு வைத்தது. மற்றொன்று இயங்குதளத்தின் உள்பூட்டு வைத்தது. ஒருவர் முன்கதவைப் பூட்ட, மற்றவர் பின்கதவால் வந்தது போலாயிற்று. கோப்பு வேறு கணிப்பொறியில் இருந்து வலைவழியே எட்டப்பட்டால் பூட்டுகளை நம்பவே இயலவில்லை.

1995-இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் கியூமெயில் என்னும் அஞ்சல் நிரலை எழுதத் தொடங்கினார். பூட்டுகளோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாகப் பூட்டே தேவைப்படாத பெட்டி ஒன்றை அதற்கென வகுத்தார். மெயில்டிர் என்பது அதன் பெயர். ஒரே நோட்டு வேண்டாம். கடிதத்துக்கு ஒரு கோப்பு. மூன்று அறைகள்: தற்காலிகம், புதியது, பார்த்தது. வரும் கடிதம் முதலில் தற்காலிக அறையில் எழுதப்படும். நேரம், நிரலின் எண், கணிப்பொறியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிடுவதால் இரண்டு கடிதங்களுக்கு ஒரே பெயர் அமையாது. முழுவதும் எழுதி, அது நினைவகத்தில் மட்டும் நிற்காமல் வட்டிலேயே பதிந்துவிட்டது என்று இயங்குதளத்திடம் உறுதி பெற்ற பின், ஒரே அடியில் 'புதியது' அறைக்கு மாறும். அந்த மாற்றம் ஒன்று நடக்கும், அல்லது நடக்காது. பாதி நடப்பது என்பதில்லை. எழுதும்போது மின்சாரம் போனால் தற்காலிக அறையில் அரைகுறைக் கோப்பு ஒன்று கிடக்கும். 'சரி' என்ற பதில் இன்னும் போகவில்லையாதலால், கொடுத்தவர் மறுபடி முயல்வார். படிப்பவரின் கண்ணில் அரைக் கடிதம் படுவதே இல்லை.

'வட்டிலே பதிந்தது' என்ற சொல்லைக் கவனியுங்கள். எழுது என்று நிரல் கட்டளையிட்டதும் இயங்குதளம் 'ஆயிற்று' என்கிறது. உண்மையில் எழுத்துகள் அப்போது நினைவகத்தில்தான் இருக்கக்கூடும். சில நொடிகள் கழித்தே வட்டுக்குப் போகும். அந்தச் சில நொடிகளுக்குள் மின்சாரம் நின்றால் 'ஆயிற்று' பொய்யாகிவிடும். ஆகவே 250 சொல்லுமுன் வட்டில் பதியும்வரை காத்திருப்பது அவசியம். இது வேகத்தைக் குறைக்கும். வேகத்துக்காக இதை விட்டுவிட்ட நிரல்களும் உண்டு.

பிரிப்பவர்

கடைசியாகப் பிராக்மெயில். ஸ்டீபன் வான் டென் பெர்க் இதனை 1990-இல் எழுதினார். வரும் ஒவ்வொரு கடிதத்தையும் நீங்கள் எழுதிய விதிகளோடு ஒப்பிட்டு, உரிய பெட்டியில் சேர்க்கும். விதி எழுதும் மொழி மிகச் சுருக்கமானது. முதலில் பார்ப்பவருக்கு மந்திரம் போலத் தோன்றும். பூட்டு வைத்து எழுது என்பதற்கு விதியின் தலைவரியில் இரண்டாவதாக ஒரு முக்காற்புள்ளி சேர்க்க வேண்டும். அதை மறந்தால் பூட்டில்லை. நெரிசல் நேரத்தில் இரண்டு கடிதங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கலாம். இரு சிறு புள்ளிகளுக்கு அவ்வளவு பொறுப்பு!

ஆனால் நூலாசிரியர் கவனமானவர். எந்த விதியும் பொருந்தாவிட்டால் கடிதம் பொதுப் பெட்டிக்குப் போகும். குறித்த பெட்டியில் எழுத இயலாவிட்டாலும் அடுத்த விதிகளைப் பார்த்து முடிவில் பொதுப் பெட்டிக்கே போகும். அதுவும் இயலாவிட்டால் தோல்வி என்று எண்ணால் அறிவிக்கும். 75 என்ற எண்ணைத் திருப்பும்படி அமைத்துவிட்டால் அதன் பொருள் 'தற்காலிகத் தோல்வி, வைத்திருந்து மறுபடி கொடு' என்பது. இல்லையேல் கடிதம் அனுப்பியவரிடமே திரும்பும். எப்படியும் சத்தமின்றி மறைவதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு, வெற்றுச் சாதனம். அதில் எழுதுவது ஒருபோதும் தோற்பதில்லை. எனவே பிராக்மெயில் அதை முறையான பட்டுவாடாவாகவே கணக்கில் கொள்ளும். என் கடிதத்துக்கு நேர்ந்தது இதுவே. அஞ்சலகம் ஃபெட்ச்மெயிலிடம் கொடுத்தது. ஃபெட்ச்மெயில் 250 கேட்டபின் அங்கே அழித்தது. வீட்டு அஞ்சல் நிரல் பிராக்மெயிலிடம் கொடுத்து, வெற்றி என்ற பதில் பெற்றுத் தன் படியை அழித்தது. எல்லாரும் சரியாகவே கையெழுத்து வாங்கினார்கள்.

பிராக்மெயிலோடு வரும் எடுத்துக்காட்டுக் கையேட்டில் புதியவர்களுக்கு ஒரு யோசனை இருக்கிறது. மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே இரண்டு விதிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, வருகின்ற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் எடுத்துத் தனி அடைவில் வைக்கும். இரண்டாவது, அந்த அடைவில் கடைசியாக வந்த 32 நகல்களை மட்டும் விட்டுவிட்டுப் பழையவற்றை நீக்கும். கீழே எந்த விதியைத் தப்பாக எழுதினாலும் கடைசி 32 கடிதங்கள் கையில் இருக்கும். நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே விதி எழுத உட்கார்ந்திருந்தேன்.

நண்பன் பேசிய அன்றிரவே அவ்விரண்டு விதிகளையும் சேர்த்தேன். பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறிப்பேட்டில் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்திருந்தது. மறுநாள் மாலை நான் வேறு ஏதோ தேடி அந்தக் கணிப்பொறியின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருந்தது. அவ்விரண்டுக்கும் இடையில் வந்த கடிதங்களை விரல்விட்டு எண்ணினேன். மொத்தம் இருபத்தொன்று.